ஆராய்ச்சி என்றால் பணம் கேட்க மாட்டார்கள்

தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை, அதாவது மூலச் செல்லை, ஊசியாகப் போட்டால் குழந்தை நடந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2022-ல் இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். கரூரில் நானும் அத்தையும் குழந்தையும்தான். எங்கே போவது, எதை நம்புவது என்று எல்லா முடிவையும் நான் ஒருத்தியே எடுத்தேன். அதில் ஒரு முடிவு எங்களுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் செலவு வைத்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

என் பையன் 2018 டிசம்பரில் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 400 கிராம். 26 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். ஒரு வயது தாண்டியும் உட்காரவில்லை, இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். 14-வது மாதத்தில் செரிப்ரல் பால்சி என்றார்கள், மூளை முடக்குவாதம். அடுத்த மாதமே ஊரடங்கு வந்துவிட்டது. ஒரு வருடம் வீட்டிலேயே எனக்குத் தெரிந்த பயிற்சியைச் செய்தேன். அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் சேர்த்தோம். அங்கே காசு வாங்குவதில்லை. அதோடு வாரம் மூன்று நாள் வெளியில் பிசியோவுக்கும் கூட்டிப்போனேன், ஒரு தடவைக்கு 400 ரூபாய். மூன்றரை வயதில் முட்டி போட்டுத் தவழ்ந்தான், சோபாவைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். இப்போது யோசித்தால் அவன் நன்றாகத்தான் முன்னேறிக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு அது தெரியவில்லை. அவன் வயசுப் பிள்ளைகள் தெருவில் ஓடுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரவில் அவன் தூங்கின பிறகு போனில் தேடுவேன். அப்படித்தான் அந்த வெளிமாநிலத்துச் சிகிச்சை மையம் கண்ணில் பட்டது. என் நம்பரைப் போட்ட பத்தாவது நிமிடம் ஒரு பெண் தமிழிலேயே பேசினார். 'சிஸ்டர், குழந்தைக்கு எத்தனை வயசு? பிறந்தப்போ தொப்புள்கொடி ரத்தத்தை பேங்கில் சேமிச்சு வெச்சீங்களா?' என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். 'அய்யோ' என்றார். அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துவிட்டேன். பிரசவத்தின்போது ஒரு பேங்க் ஆள் வந்து பேசியதும், 60,000 ரூபாயா என்று நாங்கள் வேண்டாமென்றதும் ஞாபகம் வந்து அன்று ராத்திரி முழுக்க அழுதேன். என் கஞ்சத்தனத்தால்தான் பிள்ளை நடக்கவில்லை என்றே நம்பிவிட்டேன். உங்களுக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி இருந்தால் தயவுசெய்து இறக்கி வையுங்கள். ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் அதே குழந்தைக்குப் பின்னால் தேவைப்படுவது மிக மிக அரிது. பரம்பரை நோய் என்றால் அதே கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்கும். எதிர்காலத்தில் தனக்கே பயன்படும் என்று தனியார் பேங்கில் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே, அதாவது ஐ.சி.எம்.ஆர்., சொல்லியிருக்கிறது.

'கவலைப்படாதீங்க சிஸ்டர், வேற குழந்தைங்களோட தொப்புள்கொடியில இருந்து எடுத்து லேபில் வளர்த்த செல் எங்ககிட்ட இருக்கு' என்றார் அவர். தொப்புள்கொடிக்குள் இருக்கும் கொழகொழப்பான பகுதியிலிருந்து பிரித்தெடுத்து வளர்ப்பதாம். ஒரு டோஸுக்கு சில கோடி செல்கள், முதுகுத்தண்டில் ஒரு ஊசி, கை நரம்பில் ஒரு டிரிப். மூன்று மாத இடைவெளியில் மூன்று டோஸ். 80 நோய்களுக்கு மேல் குணமாக்குகிறது, உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது, நாங்களும் ஆராய்ச்சி முறைப்படிதான் கொடுக்கிறோம் என்றார். ஒரு டோஸ் 2,00,000 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால் 5,40,000.

அந்த 80 நோய்க் கணக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் விழுவது அதில்தான். தொப்புள்கொடி ரத்தத்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. 1988-ல் பாரிஸில் டாக்டர் எலியான் குளுக்மன், ஃபேன்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். உலகத்தில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ரத்தப் புற்றுநோய், தலசீமியா, பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத நோய் என்று பலருக்குச் செய்திருக்கிறார்கள். அந்த 80 பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் இப்படி ரத்தம், எதிர்ப்பு சக்தி, சில அரிய வளர்சிதை மாற்ற நோய்கள். அங்கே நடப்பது எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியான பெரிய சிகிச்சை. என் பையனின் நோய் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவனுக்குப் போட்டது அந்த ரத்தச் செல்லும் இல்லை, தொப்புள்கொடித் திசுவில் வளர்த்த வேறு வகைச் செல். இரண்டுக்கும் பெயர் ஸ்டெம் செல் என்பதால் ஒன்றின் வெற்றியைக் காட்டி இன்னொன்றை விற்றுவிடுகிறார்கள். உங்களிடம் யாராவது பட்டியலைக் காட்டினால், என் குழந்தையின் நோய்ப் பெயரில் விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. 11 பவுனை அடகு வைத்து 2,90,000 வாங்கினேன். வீட்டுக்காரர் வீடு கட்ட வைத்திருந்த 2,50,000-ஐ அனுப்பினார். 'உனக்குச் சரின்னு பட்டா செய்' என்றார். அந்த வார்த்தை பின்னால் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது.

2022 ஜூலையில் முதல் டோஸ். காலை ஏழு மணிக்கு, பையன் வெறும் வயிற்றோடு பசியில் அழுதுகொண்டிருக்கும்போது, 11 பக்கம் இங்கிலீஷில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். நான் பி.காம். படித்தவள், ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதியவள். நிதானமாக உட்கார்ந்தால் வாசித்துவிடுவேன். ஆனால் அந்த நேரத்தில் நர்ஸ் பேனாவைக் கையில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை மட்டும் விரலால் காட்டிக்கொண்டே போனார். மாதக்கணக்கில் கழித்து அதைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் 'சோதனை நிலையில் உள்ளது', 'பலனுக்கு உத்தரவாதம் இல்லை', 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற வரிகள் கண்ணில் பட்டன. போனில் பேசிய பெண் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நிஜமான ஆய்வில் தகவல் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், ஒரு பிரதியை உங்களிடமே விட வேண்டும், யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். ஊசி போடும் நாள் காலையில் கையெழுத்துக் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ரசீதையும் அன்று நான் கவனிக்கவில்லை. அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. 'டே கேர் புரொசீஜர்', 'கன்சல்டேஷன்', 'மருந்துகள்' என்று மூன்று வரி. ஸ்டெம் செல் என்ற சொல் எங்குமே இல்லை. எந்த லேபில் தயாரித்தது, பேட்ச் நம்பர் என்ன, கொடை கொடுத்தவருக்கு என்னென்ன தொற்றுச் சோதனை செய்தார்கள், எத்தனை செல் ஏறியது, எதுவும் இல்லை. அன்று இரவு அவனுக்கு 102 டிகிரி காய்ச்சல், இரண்டு நாள் வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு 'வலிக்குதும்மா' என்றான். லாட்ஜ் அறையில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மையத்துக்குப் போன் செய்தால், செல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, நல்ல அறிகுறி என்றார்கள். அதை நம்பி நான் சந்தோஷப்பட்டேன். 2018-ல் அமெரிக்காவில் இப்படித் தொப்புள்கொடி ரத்தத்தில் தயாரித்த ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். திறக்காத குப்பிகளிலேயே கிருமி இருந்திருக்கிறது. அதைப் பின்னால் படித்தபோது என் கை நடுங்கியது.

ஆகஸ்டில் பையன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தான். நான் கத்தின கத்தில் அத்தை அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தார். வீடியோ எடுத்து மையத்துக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கு நம்பிக்கையாக இருக்கும், போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்றேன். அக்டோபரில் இரண்டாவது டோஸ். அடுத்த கட்டிலில் ஆட்டிசம் இருக்கும் ஐந்து வயதுப் பெண் குழந்தை. அவளுடைய அம்மாவும் என்னை மாதிரியே வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த டிசம்பரில்தான் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று சொன்னது. ஆட்டிசத்துக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளை வைத்து, யாருக்கு நிஜ ஊசி, யாருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி என்று தெரியாமல் நடத்திய பெரிய ஆய்வு 2020-லேயே வெளிவந்திருந்தது. அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்த சமூகப் பழக்கத் திறனில் தொப்புள்கொடி ரத்தத்துக்கும் வெறும் ஊசிக்கும் வித்தியாசம் வரவில்லை.

நான் விழித்துக்கொண்டது 2023 மார்ச்சில். எட்டு மாதமாகக் கையில் காசில்லாமல் வெளி பிசியோவை நிறுத்தியிருந்தேன். செல் தன் வேலையைச் செய்யட்டும், காலில் தசை இறுக்கத்தைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசி எல்லாம் இப்போது வேண்டாம் என்று மையத்திலும் சொல்லியிருந்ததால் அரசு மையத்துக்கும் போகவில்லை. மூன்றாவது டோஸ் ஜனவரியில் இருந்தது, பையனுக்கு சளி என்று தள்ளிப்போனது. டயபர் மாற்றும்போது வலது கால் விரியவே இல்லை. பயந்துபோய் அரசு மையத்துக்கே திரும்பினேன். அங்கே இருந்த பிசியோ மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அந்த வீடியோவைக் காட்டி, 'ஊசி போட்ட பிறகு நின்னான் மேடம்' என்றேன். அவர் அலமாரியில் இருந்து பழைய நோட்டை எடுத்து, 2022 ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நீல மையில் எழுதியிருந்தது: 'பெஞ்சைப் பிடித்து நின்றான், 20 விநாடி.' முதல் ஊசிக்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. மேடம்தான் மெதுவாகச் சொன்னார். இந்தக் குழந்தைகளின் பெரிய தசை அசைவு வளர்ச்சியில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் நடந்துவிடும். மூன்றரை வயதில் எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், ஆறு மாதத்தில் ஏதோ ஒரு முன்னேற்றம் தெரியும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வில் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வெறும் ஊசி போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். டியூக்கில் 63 செரிப்ரல் பால்சி குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையும் இன்னொன்றுக்கு வெறும் ஊசியையும் ஏற்றிப் பார்த்து 2017-ல் வெளியிட்டபோது, ஒரு வருடக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதிக அளவு செல் கிடைத்த குழந்தைகளிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. பல நாட்டு ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2025-ல் வந்த கணக்கைப் பின்னால் நான் படித்தேன். அதிலும், அசைவுத் திறனை அளக்கும் நூறு மதிப்பெண் அளவுகோலில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் பக்கம்தான் கூடியிருக்கிறது. அதுவும் தொப்புள்கொடி ரத்தத்துக்கு. ஆகவே இதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனாவில் 2025 ஜனவரியில் தொப்புள்கொடித் திசுச் செல் மருந்துக்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஒரு கடுமையான எதிர்வினைக்கு. இந்த ஆராய்ச்சி நடக்கட்டும், நடக்க வேண்டும். ஒன்றரை மதிப்பெண்ணை 'நடந்துவிடுவான்' என்று விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு மேடம் கேட்டார்: 'ஆராய்ச்சின்னு சொன்னாங்களே, சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்னம்மா?' எனக்கு அது என்னவென்றே தெரியாது. இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் எந்த மருந்து ஆய்வையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதுதான் சி.டி.ஆர்.ஐ., முதலிலேயே பதிய வேண்டும், 2009-லிருந்து அது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மையத்துக்குப் போன் செய்து கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். விடாமல் கேட்டதும் ஒரு எண்ணை அனுப்பினார்கள். மேடத்தின் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தோம். அது பெரியவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கான ஆய்வு. குழந்தைகளே அதில் கிடையாது.

எண் கிடைத்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் நோய் என்ன, எந்த வயது, எந்த ஊர் மருத்துவமனை, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி நிலை என்ன என்று எல்லாம் இருக்கும். உங்கள் குழந்தையோடு ஒவ்வொன்றையும் பொருத்திப் பாருங்கள். ஐ.சி.எம்.ஆர். 2007-ல் போட்ட வழிகாட்டி நெறியின் தலைப்பில் 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்று இருந்ததாம். 2013-ல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம் என்று 2017 நெறியும் சொல்கிறது. ஆய்வு என்றால் அந்த மருந்துக்கும் சோதனைகளுக்கும் நம்மிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் அவர்கள்தான் வைத்தியம் பார்த்து இழப்பீடும் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு 'பேக்கேஜ்' விலை பேசுகிறார்கள் என்றால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது ஆராய்ச்சியாளரிடம் இல்லை.

பெரிய இழப்பு ஒன்று என்று சொன்னேனே. அரசு மையத்துக்குத் திரும்பிப் போன அன்றே இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடைத் தசை இறுக்கம் இழுத்து இழுத்து, தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்புக் குழியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று சதவீதத்தில் அளப்பார்கள், 30-ஐத் தாண்டினால் ஆபத்து. இரண்டரை வயதில் அவனுக்கு 22 இருந்தது. அன்று வலது 43, இடது 35. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய எக்ஸ்ரேயை, ஊசி மேல் இருந்த நம்பிக்கையில் ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தேன். எக்ஸ்ரே எடுக்க 300 ரூபாய்தான். உங்கள் பிள்ளைக்கு செரிப்ரல் பால்சி இருந்து, கடைசியாக இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தோம் என்று ஞாபகம் வரவில்லை என்றால், இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

பணத்துக்கு நான் சும்மா விடவில்லை. போடாத மூன்றாவது டோஸுக்கு 1,80,000-ஐத் திருப்பிக் கேட்டேன். போனில் கேட்டவரை பதிலே இல்லை. படிவம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, நுகர்வோர் ஆணையத்துக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதப்போகிறேன் என்று பதிவுத் தபால் போட்டேன். நான்கு வாரத்தில் 90,000 வந்தது. அதோடு என் தெம்பு தீர்ந்துவிட்டது, மேலே போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றும். பயணம், லாட்ஜ், மருந்து 62,000-ஐயும் சேர்த்தால் 5,12,000 போனது. நகை வட்டி தனி. அதனால் போனில் பேசுவதை எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், 'நீங்க சொன்னதை மெசேஜா அனுப்புங்க' என்று முதல் நாளே கேளுங்கள். கையில் இருக்கும் காசை, பலன் உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு வையுங்கள்: பிசியோ, காலை நேராகத் தாங்கும் ஸ்பிளின்ட், வாக்கர். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு செரிப்ரல் பால்சி குழந்தைகளுக்கு வருடம் ஒரு லட்சம் வரை தருகிறது, பிசியோவும் அதில் வரும். அது எனக்குத் தெரிந்ததே 2023-ல்தான்.

மே மாதம் கோயம்புத்தூரில் தொடைத் தசையைத் தளர்த்தும் ஆபரேஷன் நடந்தது. அந்தத் திரும்பி வந்த 90,000-ஐத்தான் அட்வான்ஸாகக் கட்டினோம். ஆறு வாரம் இரண்டு காலையும் விரித்து வைத்த கட்டோடு இருந்தான்.

மையம் போட்டுக்கொண்ட என் வீடியோவை நீக்கச் சொல்லி ஐந்து மாதம் போராட வேண்டியிருந்தது. அதற்குள் அதைப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு அம்மா எப்படியோ என் நம்பரைப் பிடித்துவிட்டார். 'அக்கா, உங்க பையன் இப்ப நடக்கிறானா?' என்றார். கட்டுப் போட்ட காலோடு அவன் என் மடியில் படுத்திருந்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன், நோட்டில் இருந்த அந்த 20 விநாடியையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் 25,000 முன்பணம் கட்டியிருந்தார். அப்புறம், 'அந்த இடுப்பு எக்ஸ்ரே எங்கக்கா எடுக்கணும்?' என்று கேட்டார்.